பேராயர் மெனேசெஸின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி

பெங்களூரில் எங்கள் பங்கில் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். கோவா பேராயர் அலெய்ஷோ டி மெனேசெஸைப் பற்றி முதல்முறை பாடம் எடுத்தபோது, "கேரளக் கிறிஸ்தவர்களை உரோமையோடு இணைத்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மிஸ், எங்க அம்மாச்சிக்கு அவர் பேரே பிடிக்காது. எங்க புத்தகத்தையெல்லாம் எரிச்சவர்னு சொல்வாங்க" என்றாள். அவள் அம்மா கோட்டயத்துக்காரர். எனக்குப் பதில் வரவில்லை. அதிலிருந்து பாடத்தை மாற்றிக்கொண்டேன்.

பிறப்பில் ஆரம்பிக்காதீர்கள். 1559-இல் லிஸ்பனில் பிறந்த அகுஸ்தீன் சபைத் துறவி, 1595-இல் கோவா வந்தார். அரை நிமிடம் போதும். நேரே 1599 ஜூன் 20-க்குப் போய்விடுங்கள். கொச்சிக்குப் பக்கத்தில் உதயம்பேரூர், மழைக்காலம். 150-க்கு மேல் குருக்கள், 600-க்கு மேல் பொதுநிலையினர் கூட, அவர் கூட்டிய திருச்சபைச் சங்கம் 26-ஆம் தேதிவரை நடந்தது.

கேரளக் கிறிஸ்தவர்களை உரோமையின் கீழ்க் கொண்டுவர அவரால் எப்படி முடிந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தரையில் சுண்ணக்கட்டியால் வரைபடம் போடுங்கள். அந்த மக்களுக்கு ஆயர்கள் மெசபொத்தாமியாவிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்த மார் ஆபிரகாம் 1597-இல் இறந்துவிட்டார். உள்ளூர்த் தலைவரான அர்க்கதியாக்கோன் ஜார்ஜுக்கு ஆயர் பட்டம் இல்லை. பேராயரின் பின்னால் போர்த்துக்கீசியக் கப்பல்களும், கொச்சி மன்னரைப் பேசி வளைக்கும் திறமையும் இருந்தன. தூது அனுப்புவதில் அவர் கெட்டிக்காரர்; 1602-இல் பாரசீக ஷா அப்பாஸிடமும் துறவிகளை அனுப்பினார்.

புத்தகப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். நான் என் பாட்டியின் ஜெபப் புத்தகத்தைக் கொண்டுபோவேன். பக்கங்களில் மெழுகுவர்த்திச் சொட்டு. பின்னட்டையில் வீட்டில் இறந்தவர்களின் தேதிகள் பென்சிலில். அதைக் கைமாற்றிக் கொடுத்து, "இதில் தப்பு இருக்கிறது, திருத்தணும், இல்லாவிட்டால் எரிக்கணும் என்று வெளியூர்க்காரர் ஒருவர் சொன்னால்?" என்று கேட்பேன். வகுப்பே அமைதியாகிவிடும். அந்த மக்களின் வழிபாட்டு மொழியான சிரியாக்கில் இருந்த நூல்களுக்கு உதயம்பேரூரில் அதுதான் நடந்தது என்று அப்போது சொல்லுங்கள்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். பெண்மக்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று அதே சங்கம் பேசியது. திருமணமான குருக்கள் மனைவியைப் பிரிய வேண்டும் என்றதும் அதே சங்கம்தான். இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

மற்றதை வேகமாகச் சொல்லலாம்: 1607 முதல் 1609 வரை கோவாவில் ஆளுநர், பிறகு பிராகா பேராயர், போர்த்துக்கல் வைஸ்ராய், 1617-இல் மாத்ரிதில் மரணம்.

கடைசியாக வரைபடத்தில் மட்டாஞ்சேரியைக் குறித்து 1653 என்று எழுதுங்கள்: கூனன் குருசுச் சத்தியம். போர்த்துக்கீசியத் திருச்சபைத் தலைமைக்கு இனிப் பணிய மாட்டோம் என்று கேரளக் கிறிஸ்தவர்கள் எடுத்த சத்தியம். பேரப்பிள்ளைகள் காலத்தில் வெடித்த கோபம் அது. "உங்க பாட்டி எந்த மொழியில் ஜெபம் சொல்லி வளர்ந்தாங்க?" என்று கேட்டுவரச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பதில்களிலிருந்து தொடங்கலாம்.