மூன்று வண்டிதான் வருகிறதா? கிளாஸை மூடாதீர்கள்

ஆர்சி (ரிமோட் கார்) ரேஸில் மினி கிளாஸுக்கு, அதாவது குட்டிக் கார்களுக்கான போட்டிப் பிரிவுக்கு, ஆள் வருவதில்லை என்று யாராவது சொன்னால் உடனே பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். வண்டிகள் எங்கேயும் போகவில்லை, பரண்மேல் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றைக் கீழே இறக்க வைப்பதுதான் வேலை.

கடலூரில் எங்கள் அனுபவத்தில், ஒரு கிளாஸ் படுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இன்னொரு புது கிளாஸ். இருப்பதே பன்னிரண்டு பேர், அவர்களை டூரிங் (சாலைக் கார்), மினி, டூ வீல் டிரைவ் பக்கி (மண் தரையில் ஓடும் வண்டி), ஃபோர் வீல் டிரைவ் பக்கி, ட்ரக் என்று ஐந்தாகப் பிரித்தால் ஸ்டார்ட் லைனில் இரண்டு வண்டி நிற்கும். புதிதாக ஒன்று வேண்டும் என்கிறவரிடம் ஆறு வண்டியோடு வரச் சொல்லுங்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார், பரவாயில்லை.

அப்புறம், சேர்த்து ஓட்டுங்கள். டூரிங் நான்கு, மினி மூன்று என்றால் ஒரே ஹீட் (ஒரு சுற்றுப் போட்டி), ஐந்து நிமிடம். டூரிங் முதலில் கிளம்பட்டும், மினி பத்து விநாடி கழித்து. முடிவுத் தாள் மட்டும் தனித்தனி. சுற்றிவந்து முட்டப்போகும் டூரிங்குக்கு மினி வழிவிட வேண்டும், அதற்கு "நீல மினி, ஓரம் கொடு தம்பி" என்று கத்த டிராக் ஓரம் ஒரு மார்ஷல் (போட்டி உதவியாளர்) போதும். எரிபொருளில் ஓடும் பெரிய 1/8 அளவு நைட்ரோ பக்கியோடு மட்டும் எதையும் சேர்க்காதீர்கள். மூன்று கிலோவுக்கு மேல் எடை, மினியை அப்பளமாக்கிவிடும்.

விதியில் கை வைக்காதீர்கள். மினியின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 210, 225, 239 மி.மீ. மூன்றும் ஓடட்டும், மோட்டார் 540 சில்வர் கேன் (வெள்ளி நிற உறை போட்ட சாதாரண மோட்டார்) மட்டும். அது மூடி மடித்த மோட்டார், பிரித்து நோண்ட வழியில்லை, அதுதான் அதன் அழகே. நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம்: ஒருவர் "வேகம் ஒன்றுதான் சார்" என்று பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத வேறு வகை) மோட்டார் மாட்டி வந்தார், சரி என்றோம். இரண்டே மாதத்தில் மற்ற நான்கு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பரணிலிருந்து இறங்கும் வண்டிக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். நம் ஊர் உப்புக்காற்று சும்மா விடாது. சக்கரத்தை விரலால் சுண்டுங்கள், கரகர என்றால் பேரிங் போச்சு. டமியா கம்பெனி வண்டிகளில் பெரும்பாலும் 11x5x4 மி.மீ. அளவுதான். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிக்கொண்டிருக்காமல் புதிதாகச் சால்டர் வையுங்கள். டயர் கல்லாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ரிமோட்டாக (சானலைக் கிரிஸ்டல்தான் முடிவு செய்யும்) இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் ஒன்று மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே கிரிஸ்டல் உள்ள இரண்டு பேர் வந்தால் ஒருவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். முக்கியமானது: பழைய இஎஸ்சிக்கு (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) லீபோ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் என்னவென்றே தெரியாது, பேட்டரி காலியானாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லீபோவின் பேலன்ஸ் பிளக்கில் (ஒவ்வொரு செல்லுக்கும் வயர் போகும் சின்ன பிளக்) ஒரு பஸ்ஸர் சொருகி, செல்லுக்கு 3.5 வோல்ட்டில் கத்தும்படி வையுங்கள். லீபோவே வேண்டாம் என்கிறவர் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியோடு வந்தால் தாராளமாக விடுங்கள்.

வாட்ஸாப் குழுவில் அறிவிப்புப் போட்டால் கட்டைவிரல்தான் வரும், வண்டி வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுங்கள், பாண்டிக்காரர்களையும் சேர்த்து. ஒரு மினியை யாருக்கும் சொந்தமில்லாமல், சார்ஜ் ஏற்றி, மைதானத்துக்கு எடுத்துப்போங்கள். வேடிக்கை பார்க்க வந்த மச்சான் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் அவர்தான் நான்காவது ஆள்.

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறு, அந்த இரண்டு மாதம் விட்டுவிடலாம். மார்கழியில் மினிக்கு யோகம்: முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம், சாப்பாட்டுக்கூடமே தாராளமான டிராக். டைல்ஸில் டயர் வழுக்கும் என்பதால் சாமியானா கடையில் சிவப்பு விரிப்பு எடுங்கள், ஜமக்காளம் வேண்டாம், சுருண்டுகொள்ளும். விரிப்பின் ஓரம் முழுக்க டேப் ஒட்டுங்கள். நாங்கள் மூலைகளில் மட்டும் ஒட்டிய அன்று ஒரு வண்டி விரிப்புக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது.