டிசெக்டரில் ஃபிளாக் பிட்டுகளைப் பிரிப்பது எப்படி

நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்குக்கு லுவா நிரல்மொழியில் டிசெக்டர் (ஒரு புரோட்டோகாலின் பைட்டுகளுக்குப் பொருள் சொல்லும் நிரல்) எழுதுகிறீர்கள், ஃபிளாக் ஃபீல்டு (பிட்டுகள் தனித்தனியே பொருள் தரும் பகுதி) வந்துவிட்டது என்றால் உடனே நிரல் (கோடு) அடிக்காதீர்கள். நிஜமான ஒரு பாக்கெட்டை எடுத்து அந்த பைட்டுகளைத் தாளில் பிட் பிட்டாக எழுதிப் பாருங்கள்.

டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) பதிலையே எடுத்துக்கொள்வோம். ஃபிளாக் 2 பைட், ஹெக்ஸில் 81 80 என்று அடிக்கடி வரும். பைனரியில் 1000 0001 1000 0000. இடமிருந்து முதல் பிட் 1, அதாவது இது பதில். அடுத்த 4 பிட் ஆப்கோடு (எந்த வகைக் கோரிக்கை என்பது), 0. ஏஏவும் (அதிகாரபூர்வ பதில்) டிசியும் (பதில் வெட்டுப்பட்டது) 0, ஆர்டியும் (ரிகர்ஷன் வேண்டும்) ஆர்ஏவும் (ரிகர்ஷன் கிடைக்கும்) 1, பிறகு மூன்று பிட் 0, கடைசி 4 பிட் ஆர்கோடு (பதிலின் நிலை), அதுவும் 0, பிழை இல்லை. இதையே பைட் வரிசை மாற்றி 80 81 என்று படித்தால் ஆர்டி அணைந்துவிடும், ஆர்கோடு 1 ஆகி 'ஃபார்மட் பிழை' என்று காட்டும். பார்க்க நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் தொல்லை. லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்) புரோட்டோகாலுக்கு மட்டும், வயர்ஷார்க் காட்டும் ட்ரீயில் ஃபீல்டைச் சேர்க்க எல்இ வடிவத்தை (add_le) பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, ஆர்எஃப்சி (புரோட்டோகால்களை விவரிக்கும் ஆவணம்) படங்களில் இடது ஓரப் பிட்தான் 0. மாஸ்க் (வேண்டிய பிட்டுகளை மட்டும் எடுக்கும் எண்) கணக்கில் வலமிருந்து எண்ணுவதால் அதே பிட் 15.

சரி, இனி கோடு. ஒவ்வொரு ஃபிளாக்குக்கும் தனி ஃபீல்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் அதே 2 பைட் ரேஞ்சையே கொடுங்கள், வித்தியாசம் மாஸ்க்கில் மட்டும். பூலியன் ஃபீல்டில் மூன்றாவது ஆர்குமென்ட் மொத்த அகலம், இங்கே 16. ஆப்கோடின் மாஸ்க் ஹெக்ஸில் 7800. அதை நீங்கள் ஷிஃப்ட் செய்ய வேண்டாம், வயர்ஷார்க்கே மாஸ்க்கைப் பார்த்து வலப்பக்கம் தள்ளிக்கொள்ளும். அதனால் எண்ணுக்குப் பெயர் தரும் அட்டவணையில் அப்டேட் என்ற ஆப்கோடுக்கு 5 என்றுதான் எழுத வேண்டும், தள்ளுவதற்கு முந்தைய 10240 என்று எழுதினால் எதுவும் பொருந்தாது.

ஃபிளாக்கைப் பொறுத்து கோடு கிளை பிரிய வேண்டுமென்றால் நீங்களே மாஸ்க் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஆர்டி பிட்டை எடுத்தால் கிடைப்பது 256, அதை 1 உடன் ஒப்பிட்டால் ஒருநாளும் சேராது, 0 இல்லையா என்று பாருங்கள். வெறுமனே இஃப்பில் போட்டுவிட்டுப் போகவும் முடியாது, ஏனென்றால் லுவாவில் 0 கூட உண்மைதான்.

அப்புறம், ரிசர்வ்டு பிட்டுகளையும் ஒரு ஃபீல்டாகச் சேர்த்துவிடுங்கள். யாரோ அதில் 1 அனுப்பினால் ஃபில்டர் போட்டுப் பிடித்துவிடலாம்.