கடைசிப் பணம் கொடுக்கும் முன் ஒரு வாளித் தண்ணீர்

புதிதாகக் கட்டிய வீட்டில் குடிவந்த மூன்றாம் நாள்தான் தெரிந்தது, பாத்ரூமில் குளித்த தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவோரம் வந்து குளம் கட்டுகிறது. மேஸ்திரியிடம் சொன்னால் "போகப் போகச் சரியாயிடும் சார்" என்றார். சரியாகவில்லை, கதவு நிலையின் அடிதான் ஊறி உப்பியது. டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டியதில் கூலியும் சாமானும் இரண்டாவது தடவை.

நீங்கள் கட்டிக்கொண்டிருந்தால், கணக்கு முடிப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரத்தில் கவிழ்த்துப் பாருங்கள். ஓட்டைப் பக்கமாக அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் (சரிவு) இருந்தால் தானாக ஓடிவிடும். அப்புறம் ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு டைல்ஸின் நாலு மூலையையும் தட்டுங்கள், பொள்ளலாகச் சத்தம் வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று அர்த்தம், சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். சண்டை வேண்டாம், பாக்கிப் பணம் உங்கள் கையில் இருக்கும்வரை ஆள் வருவார்.

பூச்சு வேலைக்கு முன்பே சுவரில் பைப் ஓடும் இடங்களையும் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை. கண்ணாடி மாட்ட ஆணித் துளை போட்டபோது தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்தது.