கதிரியக்க மூலங்களை நாடு விட்டு நாடு அனுப்புகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருக்கியின் அங்காராவில், பயன்பாடு முடிந்த மூன்று கோபால்ட்-60 சிகிச்சை மூலங்கள் (கதிர்வீச்சை உமிழும் பொருள் அடைக்கப்பட்ட உறைகள்), அவற்றை வழங்கிய அமெரிக்க நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பப்படவிருந்தன. அதற்காக 1993-இல் அவை பெட்டிகளில் அடைக்கப்பட்டன. ஆனால் பெட்டிகள் கிளம்பவேயில்லை. 1998-இல் அவற்றில் இரண்டு இஸ்தான்புல்லில் ஒரு சாதாரணக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன. இடம் கைமாறியதும் பழைய இரும்பாக விலைபோயின. அந்த டிசம்பரில் கவசம் உடைக்கப்பட்டதில் பத்துப் பேர் கடும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாயினர். இரண்டாவது பெட்டிக்குரிய மூலம் கணக்கில் வரவேயில்லை. தவறுகளிலேயே பெரியது இதுதான்: அனுமதி கிடைத்ததை அனுப்பியதாகவும், அனுப்பியதை உரியவர் கையில் சேர்ந்ததாகவும் எண்ணிக்கொள்வது. மூலத்தின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதாகப் பெறுநர் எழுதித் தரும்வரை கோப்பை மூடக் கூடாது.

சர்வதேச அணுசக்தி முகமையின் 2003-ஆம் ஆண்டு நடத்தை நெறியும், அதையொட்டிய ஏற்றுமதி–இறக்குமதி வழிகாட்டுதல்களும் மூலங்களை அவற்றின் ஆபத்தை வைத்து ஐந்து வகைகளாகப் பிரிக்கின்றன; முதல் வகையே மிக ஆபத்தானது. வழிகாட்டுதல்கள் முதல் இரண்டு வகைகளை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. கருவியின் அளவைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ வகையை ஊகிப்பது அடுத்த தவறு. ஒரு டெராபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கோபால்ட்-60 இரண்டாம் வகையில் வரும். அதே ஒரு டெராபெக்கரல் ஸ்ட்ரான்சியம்-90 மூன்றாம் வகையோடு நின்றுவிடும்.

அலகுகளில் நேரும் பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளில் பற்றவைப்பைச் சோதிக்கப் பயன்படும் 100 கியூரி (கதிரியக்கத்தின் பழைய அலகு) இரிடியம்-192 என்பது 3.7 டெராபெக்கரல், அதாவது இரண்டாம் வகை. அவசரத்தில் யாரோ அதை ஆயிரத்தில் ஒரு பங்கான 3.7 கிகாபெக்கரல் என்று தட்டச்சு செய்துவிட்டால், தாளின்படி அது நான்காம் வகைக்கு இறங்கிவிடும். பெறும் நாட்டுக்கு முன்னறிவிப்பே தேவையில்லை என்றாகிவிடும். தேதி இல்லாத அளவும் இதே போலத்தான் ஏமாற்றும். இரிடியம்-192-இன் அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 74 நாட்கள் என்பதால், அதே மூலம் சுமார் ஐந்தரை மாதத்தில் 0.8 டெராபெக்கரல் என்ற இரண்டாம் வகை எல்லைக்குக் கீழே போய்விடும். ஆகவே எந்த நாளில் எவ்வளவு என்று எழுதாத விண்ணப்பத்தை வைத்து யாராலும் சரியாக முடிவெடுக்க இயலாது.

ஒப்புதலையும் முன்னறிவிப்பையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். முதல் வகை மூலத்துக்கு, பெறும் நாட்டின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். முன்னறிவிப்போ இரு வகைகளுக்கும் உரியது. அது இயன்றவரை ஏழு நாட்களுக்கு முன்பே, மூலத்தின் விவரம், அனுப்புநர், பெறுநர் ஆகியவற்றுடன் போய்ச் சேர வேண்டும். வாங்குபவர் மின்னஞ்சலில் அனுப்பிய உரிமத்தின் நகலை மட்டும் நம்பாமல், அந்நாடு இதற்கென நியமித்துள்ள தொடர்பு அதிகாரியிடம் கேட்டு உறுதி செய்துகொள்வதே முறை. வழிகாட்டுதல்கள் சட்டமல்ல, நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் என்பதால், போன முறை செல்லுபடியான தாள் இம்முறை போதும் என்றிருப்பதும் பிழையே.

பழைய கருவிகளில் கூடுதல் கவனம் தேவை. மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸில் ஒரு மருத்துவமனைக்காக 1977-இல் வாங்கப்பட்ட கோபால்ட்-60 கருவி, இறக்குமதி அனுமதி இல்லாமலேயே நாட்டுக்குள் வந்தது. அப்படியொன்று இருப்பதே கண்காணிக்க வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. 1983-இன் இறுதியில் அது பிரிக்கப்பட்டுப் பழைய இரும்போடு கலந்து, உருக்கப்பட்டுக் கட்டுமானக் கம்பியாக மாறியது. 1984 ஜனவரியில் அந்தக் கம்பிகளை ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலாமோஸ் ஆய்வுக்கூடத்தருகே போனபோது அங்கிருந்த கதிர்வீச்சு உணர்கருவி ஒலித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. சுங்கத் தாளில் "மருத்துவக் கருவி" என்று மட்டும் குறிப்பிட்டு, உள்ளிருக்கும் மூலத்தை எழுதாமல் விடுவது இதே வழிக்குத்தான் கொண்டுபோகும்.

வழியில் சரக்கு இறங்கி ஏறும் நாடுகளின் விதிகளையும், மூலத்தை அடைத்து அனுப்பும் சிப்பத்தின் வடிவமைப்புச் சான்றிதழ் காலாவதியாகும் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேடியம்-226, டிரிட்டியம் ஆகியவை இரட்டைப் பயன்பாட்டுப் பொருட்களின் (அமைதிப் பணிக்கும் ஆயுதத்துக்கும் உதவக்கூடியவற்றின்) பட்டியலிலும் இருப்பதால் அவற்றுக்குத் தனி ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். மூலத்தை எடுத்த பிறகு திரும்பி வரும் "காலிப் பெட்டி"யும் பல சமயம் காலியல்ல: அதன் கவசமே குறையூட்டிய யுரேனியமாக (யுரேனியம்-235 அளவு குறைக்கப்பட்ட யுரேனியம்) இருக்கக்கூடும், அது கணக்குக் காட்ட வேண்டிய அணுப்பொருள். அதை வெறும் இரும்புப் பெட்டி என்று எழுதி அனுப்பக் கூடாது.