வேலியில் படரும் முடக்கொத்தானைக் காயைப் பார்த்து அடையாளம் காணுங்கள்

மாரி மழை விட்ட கையோடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்து வேலிகளிலும் பற்றைகளிலும் முடக்கொத்தான் தாராளமாகப் படர்ந்திருக்கும். இலையை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டாம். பற்றுக்கம்பி விட்டுப் படரும் கொடிகள் வேறும் உண்டு. காயைத் தேடுங்கள். கடதாசி போல மெல்லிய தோலுடன், காற்றடைத்த மாதிரி உப்பி, மூன்று பக்கமாக இருக்கும். முற்றிய காயை உடைத்தால் மூன்று கறுப்பு விதைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக இதய வடிவப் புள்ளி ஒன்று. அதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். காயைச் சுற்றிப் பாசி போல வலை மூடியிருந்தால் அது வேறு கொடி, விட்டுவிடுங்கள்.

நாரில்லாத இளந்தளிராகப் பறிப்பது நல்லது. களைநாசினி அடிக்கும் வயல் வரம்பிலும், வாகனப் புகை படியும் வீதியோரத்திலும் பறிக்கவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது ரசம்தான். ஒரு கைப்பிடி இலையை நன்றாகக் கழுவி, மிளகு, சீரகம், உள்ளியோடு அரைத்து, பழப்புளிக் கரைசலில் கலந்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கூடுதலாகக் கொதித்தால் கசப்பு தூக்கும். இலைக்கஞ்சிக்கும் போடலாம், கடைசியில் தேங்காய்ப்பால் விட்டால் பிள்ளைகளும் குடிப்பார்கள்.

மூட்டுவலிக்கும் வாதத்துக்கும் சித்த வைத்தியத்தில் காலங்காலமாகக் கொடுத்து வரும் மூலிகை இது. ஆனால் அதை நம்பி, குடிக்கிற மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். முதல்முறை சாப்பிடுபவர்கள் கொஞ்சமாகவே தொடங்குங்கள், சிலருக்கு வயிறு இளகும்.