வெறுங்கால் ஓட்டம்: ஐம்பதுக்கு மேல் ஆரம்பிப்பவர்கள் செய்யும் தவறுகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒருவன் வெறுங்காலோடு ஓடினால், எதிரே வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “என்ன சார், மாலை போட்டிருக்கீங்களா?” என்பதுதான். கார்த்திகை மாதம் என்றால் கேள்வியே கிடையாது, நேராக ‘சாமி சரணம்’தான். மற்ற மாதங்களில், வேண்டுதலா என்பார்கள். இல்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டால் பழைய கதை வந்துவிடும். “நாங்கல்லாம் சின்ன வயசுல செருப்பே போட்டதில்ல சார், பள்ளிக்கூடத்துக்கே வெறுங்கால்தான்.” அடுத்த வாரம் அவரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நிற்பார். அதற்கடுத்த வாரம் நொண்டுவார்.

இருக்கிற தவறுகளிலேயே பெரியது இந்தப் பழைய கதைதான். நானும் அதில்தான் விழுந்தேன். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் பிறந்து, கெடிலம் ஆற்று மணலிலும் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் வெறுங்காலோடு ஓடித் திரிந்தவன். நெருஞ்சி முள் குத்தினால் நின்று பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓடிய கால். 54 வயதில் ஷூவைக் கழற்றியபோது அதே கால்தான் கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. இடையில் நாற்பது வருடம் ஓடிப்போயிருந்தது.

அந்த நாற்பது வருடத்தில் நடந்தது இதுதான். சாதாரண ஓட்ட ஷூவில் முன்பாதத்தைவிடக் குதிகால் 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். வருடக்கணக்கில் அப்படியே நின்று பழகிய கெண்டைக்கால் தசையும் குதிகால் நரம்பும் (நாம் நரம்பு என்கிறோம், உண்மையில் அது தசைநாண்) அந்த அளவுக்குக் குறுகி இறுகிவிடும். பாதத்தில் 26 எலும்புகள். அவற்றைத் தாங்கிப் பிடிக்கிற சின்னச் சின்னத் தசைகள், ஷூவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால் வேலையில்லாமல் சோம்பிக் கிடக்கும். குதிகாலுக்கு அடியில் மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்பும் வயதாக ஆகத் தன் துள்ளலை இழந்துவிடும். ஷூவைக் கழற்றியதும் குதிகால் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒரு சென்டிமீட்டரை இழுத்துக் கொடுக்க வேண்டியது குதிகால் நரம்புதான்.

அபெபெ பிகிலாவை யாராவது இழுத்துக்கொண்டு வருவார்கள். எத்தியோப்பியக்காரர், 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வாங்கியவர். நம்ம ஊர் சிவநாத் சிங்கும் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பேர்போனவர், 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தவர். எல்லாம் சரி. ஆனால் ரோமில் ஓடியபோது பிகிலாவுக்கு வயது 28. நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் அதே தங்கத்தை அவர் ஷூ போட்டுக்கொண்டு இன்னும் வேகமாக ஓடி வாங்கினார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மணல் மெத்தை இல்லை

ஆரம்பிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நேராகக் கடற்கரை மணலுக்குத்தான் போகிறார்கள். மெத்தென்று இருக்கும், காலுக்கு நல்லது என்று கணக்கு. ஒரு பொங்கல் விடுமுறைக்குக் கடலூர் போயிருந்தபோது நானும் காலையிலேயே சில்வர் பீச்சுக்குப் போய்விட்டேன். கூட்டம் வர ஆரம்பிக்கவில்லை. இதமான காற்று. ஒரு கிலோமீட்டர் என்று ஆரம்பித்து மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டேன். திரும்பி வரும் வழியில் வலது கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு நாயைத் தவிர யாருமில்லை. தசை கிழிந்திருந்தது. ஆறு வாரம் ஓட்டம் கிடையாது, மாடிப்படியை ஒவ்வொன்றாக இறங்க வேண்டியிருந்தது.

காய்ந்த மணலில் குதிகால் புதையும். புதைந்த குதிகாலை ஒவ்வொரு அடியிலும் தூக்கி எடுப்பது கெண்டைக்கால். ஏற்கெனவே இறுகிப்போன தசைக்கு இரட்டை வேலை. சரி, அலையோரத்து ஈர மணலில் ஓடலாம் என்றால் அது கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். ஒரே திசையில் இரண்டு கிலோமீட்டர் ஓடினால் இடுப்பு வரை தெரியும்.

அதனால் கெட்டியான, சமமான, சுத்தமான தரையில் ஆரம்பிப்பதே நல்லது. மொட்டை மாடி போதும். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை ஒரு வரம். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டி விடுவதில்லை. கெட்டித் தரையில் காலைத் தப்பாக வைத்தால் உடனே உறைக்கும். மணல் அதை மறைத்துவிட்டு மூன்றாம் கிலோமீட்டரில் காட்டும்.

அவசரம்

தசை சில வாரங்களில் பலம் பெறும். நாணுக்கும் எலும்புக்கும் மாதக் கணக்கு. ஐம்பதுக்கு மேல் அது இன்னும் நீளும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் அடிபடுகிறோம். மூன்றாம் வாரத்தில் கெண்டைக்கால் வலி போய்விடும், மூச்சும் வாங்காது, கால் பழகிவிட்டது என்று தூரத்தைக் கூட்டுவோம். உள்ளே எலும்பு இன்னும் பாதி வழியில் நிற்கும்.

2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில், 36 ஓட்டக்காரர்களில் 19 பேர் பத்து வாரத்துக்குள் ஐந்து விரல் ஷூவுக்கு (ஒவ்வொரு விரலுக்கும் கையுறை மாதிரி தனி உறை, வெறுங்கால் போலவே மெல்லிய சோல்) மாறினார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது அந்த 19 பேரில் பத்துப் பேருக்குப் பாத எலும்பின் உள்ளே வீக்கம் கூடியிருந்தது. அவர்கள் ஏற்கெனவே ஓடிப் பழகியவர்கள்.

எனக்கு ஒத்துவந்த கணக்கைச் சொல்கிறேன். முதல் மாதம் வெறுங்காலோடு நடை மட்டும், அதுவும் இருபது நிமிடம். அதோடு மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது. ஒற்றைக்காலில் இருபது முறை செய்ய முடியாதவரை ஓடவில்லை. இரண்டாம் மாதம், வழக்கமான ஷூ ஓட்டத்தை முடித்துவிட்டு, கடைசியில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு இருநூறு மீட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள். காந்தி சிலையிலிருந்து டூப்ளெக்ஸ் சிலை வரை நிற்காமல் வெறுங்காலோடு ஓட எனக்கு நான்கு மாதம் ஆனது. கூட வந்த நண்பர் சிரித்தார். அவருக்கு இப்போது குதிகால் வலி.

நுனிக்காலில் ஓடுவது

வெறுங்கால் என்றால் குதிகால் தரையில் படவே கூடாது என்று எங்கேயோ படித்துவிட்டுக் களவாணி மாதிரி நுனிக்காலிலேயே ஓடுகிறவர்கள் உண்டு. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் வைக்கிறார்கள், அதனால் தரையில் மோதும் அதிர்ச்சி குறைகிறது என்பதை ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு 2010-இல் எழுதியது உண்மை. ஆனால் முன்பாதம் பட்ட மறுகணம் குதிகாலும் இறங்கித் தரையைத் தொட வேண்டும். தொடாமல் தூக்கியே வைத்திருந்தால் மொத்தப் பாரமும் குதிகால் நரம்பில் ஏறும்.

பாதத்தை எப்படி வைப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு அடியைச் சின்னதாக்குங்கள். நிமிடத்துக்கு 170, 180 அடி என்கிற அளவில், உடம்புக்கு நேர் கீழே கால் விழும்படி ஓடினால் பாதம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அப்புறம் சத்தத்தைக் கேளுங்கள். தொம் தொம் என்று கேட்டால் தப்பு. பூனை நடை மாதிரி இருக்க வேண்டும்.

மெல்லிய ஷூவும் வெறுங்காலும் ஒன்றல்ல

இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். வெறுங்காலில் தோல்தான் பிரேக். ஒரு கிலோமீட்டருக்குள் உள்ளங்கால் எரியும், நிறுத்திவிடுவோம். மெல்லிய சோல் வைத்த மினிமலிஸ்ட் ஷூவைப் போட்டால் தோல் எரியாது, பிரேக் இல்லாத வண்டி மாதிரி ஐந்து கிலோமீட்டர் போய்விடுவோம். எலும்புக்கோ அடி அதே அடிதான். ஆகவே ஷூ வாங்கினாலும் முதல் இரண்டு மாதம் கணக்கை வெறுங்காலே வைக்கட்டும். வாங்கும்போது விரல்கள் விரிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பழைய ஷூவைத் தூக்கிப் போடாதீர்கள். ஓட்டத்துக்குப் பேர்போன மெக்சிகோவின் தாராஹுமாரா பழங்குடி மக்களே மலைப்பாதையில் நாள்முழுக்க ஓடுவது டயர் ரப்பர் செருப்பில்தான். நம்ம ஊரிலும் ஒரு காலத்தில் டயர் செருப்பு இருந்தது, யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை.

முழங்கால் வலி போய்விடும் என்று நம்பி மாறுவது இன்னொரு தவறு. வெறுங்கால் ஓட்டம் பாரத்தை முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் நகர்த்துகிறது, அவ்வளவுதான். பாரம் எங்கேயும் போகவில்லை. ஐந்து விரல் ஷூவால் பெயர்பெற்ற வைப்ரம் நிறுவனமே, அது பாதத்தைப் பலப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று செய்த விளம்பரத்துக்காக வழக்கைச் சந்தித்து, 2014-இல் தவறை ஒப்புக்கொள்ளாமலே 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது.

சுகர் இருந்தால்

இதை மட்டும் வளைத்துச் சொல்ல மாட்டேன். சுகர் இருந்து, பாதத்தில் மதமதப்போ எரிச்சலோ இருந்தால் வெறுங்கால் ஓட்டம் உங்களுக்கு வேண்டாம். வருடக்கணக்காகச் சுகர் இருந்து மதமதப்பு தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார். ஐந்து நிமிட வேலை. தெரியாத கால் கண்ணாடிச் சில்லை மிதித்தாலும் சொல்லாது. பித்தவெடிப்பு ஆழமாக இருப்பவர்களும் முதலில் அதை ஆற்றிக்கொள்ள வேண்டும், வெடிப்பு வழியே சீழ் பிடித்துத் தொடையிடுக்கில் நெறி கட்டிவிடும்.

சுகர் இல்லாதவர்களுக்கும் தரை பத்திரமில்லை. மீன் இறங்கும் இடங்களில் தூண்டில் முள் கிடக்கும், மற்ற இடங்களில் பீர் பாட்டில். நாய்கள் அசிங்கம் செய்த ஈர மணலில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும்; தோலுக்குள் புகுந்து சிவந்த கோடு மாதிரி ஊர்ந்து அரிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வலிக்கு நிற்பது என்பதில்தான் கடைசிக் குழப்பம். கெண்டைக்கால் முழுக்கப் பரவலாக வலித்து இரண்டு நாளில் போனால் அது பழகும் வலி. மேல்பாதத்தில் ஒரு விரல் நுனியால் இதோ இங்கே என்று காட்டக்கூடிய வலி வந்தால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் குதிகால் சுருக்கென்றால் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரையில் எட்டு மணிக்கே தார் சுடும். நான் இடுப்பில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைச் செருகிக்கொண்டுதான் ஓடுகிறேன். ஏழரைக்குத் தடுப்பை நகர்த்தி வண்டிகளை விடுவார்கள். அதற்குள் அதை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்துவிடுவேன்.