வைஃபையில் வரும் நெட்டை லேன் வயரில் கொடுப்பது எப்படி? (லினக்ஸ்)

மாடி அறையில் இருக்கும் டெஸ்க்டாப்பில் வைஃபை கார்டு இல்லை. ரவுட்டர் கீழே இருக்கிறது, அங்கிருந்து வயர் இழுக்கச் சுவரைத் துளைக்க வேண்டும். ஆனால் பக்கத்து மேசையில் லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப் வைஃபையில் நன்றாக ஓடுகிறது. அதன் லேன் போர்ட்டிலிருந்து ஒரு வயரை டெஸ்க்டாப்பில் செருகி நெட் கொடுத்துவிடலாம். யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், ஆனால் சில டாங்கிள்களுக்கு லினக்ஸ் டிரைவர் தேடி அலைவதற்குள் இந்த வேலை முடிந்துவிடும்.

கிராஸ்ஓவர் கேபிள் தேவையில்லை. கிகாபிட் போர்ட்டுகள் தாமே சரிசெய்துகொள்ளும், சாதாரண லேன் கேபிள் போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பிரிட்ஜ் போட (இரண்டு இணைப்புகளை ஒரே நெட்வொர்க்காக ஒட்ட) முயலாதீர்கள். இரண்டு ஈதர்நெட் போர்ட்டுகளை பிரிட்ஜ் செய்வதுபோல வைஃபையைச் செய்ய முடியாது. ஆக்சஸ் பாயின்ட் (இங்கே வைஃபை தரும் ரவுட்டர்), தன்னிடம் இணைந்த மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வரும் பாக்கெட்டை மட்டும்தான் ஏற்கும். லேப்டாப்புக்குப் பின்னால் இருக்கும் டெஸ்க்டாப்பின் மேக் முகவரி அதற்கு அந்நியம். அதனால் நமக்கு வேண்டியது நேட். டெஸ்க்டாப்பிலிருந்து போவதெல்லாம் லேப்டாப்பின் பெயரிலேயே வெளியே போகும்.

ஐபி டேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால் கருவி) விதிகளைக் கையால் எழுதும் பழைய கட்டுரைகள் நிறையக் கிடைக்கும். கற்றுக்கொள்ள நல்லவைதான். வேலை நடக்க வேண்டுமென்றால், மின்டில் இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜரிடம் விட்டுவிடுங்கள். அதுவே நேட் போடும், ஃபார்வர்டிங்கை (ஒரு இணைப்பில் வருவதை இன்னொன்றுக்குக் கடத்துவதை) இயக்கும், டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன நிரலை ஓட்டி ஐபி முகவரியும் கொடுக்கும்.

படி 1: டாஸ்க்பாரில் நெட்வொர்க் ஐகானை வலது சொடுக்கி 'நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்' திறங்கள். கூட்டல் குறியை அழுத்தி 'ஈதர்நெட்' தேர்ந்தெடுங்கள். பெயர் ஏதாவது கொடுங்கள், நான் 'மாடி-பகிர்வு' என்று வைத்தேன்.

படி 2: ஐபிவி4 தாவலில் மெத்தட் என்ற இடத்தில் 'ஷேர்ட் டு அதர் கம்ப்யூட்டர்ஸ்'. ஐபிவி6-ஐ முடக்கிவிடுங்கள். சேமியுங்கள்.

படி 3: இங்குதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். சேமித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் லினக்ஸ் தானாக உருவாக்கிய 'வயர்டு கனெக்‌ஷன் 1' ஏற்கெனவே அந்தப் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். அது எதிர்முனையிலிருந்து முகவரி கேட்டுக் காத்திருக்கும், டெஸ்க்டாப்பும் அதையேதான் செய்யும். இரண்டு பக்கமும் கேட்கிறது, கொடுப்பார் இல்லை. நெட்வொர்க் ஐகானைச் சொடுக்கி 'மாடி-பகிர்வு' என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய இணைப்பின் 'தானாக இணை' டிக்கையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் அது திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். பகிர்வு அமைப்பில் பின்னால் எதையாவது மாற்றினாலும் இணைப்பை ஒருமுறை துண்டித்து மறுபடி இணைத்தால்தான் அது அமலுக்கு வரும்.

டெஸ்க்டாப்பில் எதுவும் செய்ய வேண்டாம். முகவரி தானாக 10.42.0 என்று தொடங்கி வந்திருந்தால் சரி. லேப்டாப் 10.42.0.1.

நெட் வரவில்லையா? டெஸ்க்டாப்பிலிருந்து இந்த வரிசையில் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள்: முதலில் 10.42.0.1, அப்புறம் 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ் சர்வர்), கடைசியில் ஏதாவதொரு தளத்தின் பெயர். முகவரியே வரவில்லையென்றால் லேப்டாப்பின் ஃபயர்வால் யூடிபி 67-ஐ (முகவரி கேட்டு வரும் போர்ட் எண்) தடுக்கிறதா என்று பாருங்கள். 8.8.8.8 வந்து பெயர் வராவிட்டால் 53-ஐ (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் போர்ட்) பாருங்கள். முதல் பிங் வந்து இரண்டாவது வராவிட்டால் லேப்டாப்பைத் தாண்டிப் போக அனுமதி இல்லை என்று பொருள்.

யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலை இயக்கியவர்களுக்கு இந்த மூன்று சிக்கலும் வரும். நெட்வொர்க் மேனேஜரின் புதிய பதிப்புகள் தங்கள் விதிகளை என்எஃப்டேபிள்ஸில் (ஐபி டேபிள்ஸுக்கு அடுத்து வந்தது) தனி அட்டவணையாக எழுதுகின்றன, அங்கே அனுமதி கிடைத்தாலும் யூஎஃப்டபிள்யூ தடுக்கலாம். ஒரு மேசையில் கையெழுத்து வாங்கினாலும் அடுத்த மேசையில் ஃபைலைத் திருப்பி அனுப்பலாம் அல்லவா, அதே கதைதான். வயர் இணைப்பில் உள்ளே வரும் 67, 53 இரண்டையும், வயரிலிருந்து வைஃபைக்குப் போகும் ரூட்டையும் யூஎஃப்டபிள்யூவிலும் அனுமதியுங்கள். ஃபயர்வாலையே அணைப்பது சோதனைக்கு மட்டும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் 8.8.8.8 வரவில்லை என்று கேட்டவர்களின் கணினியில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) இருந்தது. டாக்கர் ஃபார்வர்டு பாலிசியை 'டிராப்' (கடத்தாமல் தூக்கி எறி) என்று மாற்றிவிடும். டாக்கரை நிறுத்தினாலும் அது அப்படியே இருக்கும், அது தானாகத் தொடங்காதபடி செய்து ரீபூட் செய்தால்தான் டாக்கர்தான் காரணமா என்று தெரியும். நிரந்தரத் தீர்வு, 'டாக்கர்-யூசர்' செயினில் இரு திசைக்கும் அனுமதி சேர்ப்பது.

இன்னொன்று. டிஎன்எஸ்மாஸ்க்கைத் தனிச் சேவையாக நிறுவ வேண்டாம், அது 53-ஐப் பிடித்துக்கொண்டு நெட்வொர்க் மேனேஜரை ஓடவிடாது. டெபியன், உபுண்டு வகைகளில் 'டிஎன்எஸ்மாஸ்க்-பேஸ்' பொதியே போதும்.

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியிலும் இது நடக்கும். 2023-இல் வந்த அதன் இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பிலிருந்து அதிலும் நெட்வொர்க் மேனேஜர்தான். திரை இல்லாத பையில் டெர்மினலில் என், எம், டி, யு, ஐ என்ற ஐந்து எழுத்தைச் சேர்த்து (nmtui) அடித்தால் மெனு வரும், அதில் ஐபிவி4-க்கு 'ஷேர்ட்' இருக்கிறது. எனக்கு லேப்டாப்பைவிட இதுவே பிடித்திருக்கிறது. லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் அது தூங்கிவிடும், டெஸ்க்டாப்பில் பாதி இறங்கிய ஃபைல் அப்படியே நிற்கும். லேப்டாப்தான் என்றால் பவர் செட்டிங்ஸில் மூடியைச் சாத்தும்போது 'எதுவும் செய்யாதே' என்று வைத்துவிடுங்கள்.